ஸ்டேன்ஸ்: தேம்ஸ் கரையிலிருந்து அவிநாசி ரோடு வரைக்கும் வந்த ஒரு குடும்பப் பெயர்

அவிநாசியிலிருந்து கோயமுத்தூருக்கு பஸ்ஸில் போய் வருகிற யாருக்கும் 'ஸ்டேன்ஸ்' என்ற பெயர் புதுசு இல்லை. உப்பிலிபாளையத்தை நெருங்கும்போது ஸ்டேன்ஸ் ஸ்கூல். பழைய ஆட்களைக் கேட்டால் ஸ்டேன்ஸ் மில்லு. தோட்டங்காடு வைத்திருப்பவர்களுக்கு உரமும் மருந்தும் விற்கிற டி.ஸ்டேன்ஸ் கம்பெனி. குன்னூர் போனால் அங்கேயும் ஒரு ஸ்டேன்ஸ் ஸ்கூல். இத்தனை இடத்தில் ஒரே பெயர் நிற்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், அது எங்கே பிறந்தது, நம்ம ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் "வெள்ளைக்காரன் பேருங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு. ஒரு இங்கிலீஷ் குடும்பப் பெயரைத் தோண்டினால் நம்ம பெயர் வைக்கும் முறையும் கூடவே வெளியே வருகிறது. அதனால் கட்டுரையின் பின்பாதி நம்ம கதை.

முதலில் ஆள்

ராபர்ட் ஸ்டேன்ஸ் 1841இல் லண்டனில் பிறந்தவர். 1858இல், பதினேழு வயசில், இந்தியாவுக்கு வந்தார். அவருடைய அண்ணன் தாமஸ் ஸ்டேன்ஸ் நீலகிரியில் காபித் தோட்டத் தொழிலில் இருந்தார். டி.ஸ்டேன்ஸ் கம்பெனியில் இருக்கிற 'டி' இந்த தாமஸ்தான். 1861இல் கோயமுத்தூரில் காபிக்கொட்டை பதப்படுத்தும் ஆலை ஆரம்பமானது.

மலையில் விளைகிற காபிக்கு எதுக்கு கீழே கோயமுத்தூர்? காரணம் வெயில். மேலே மழையும் மூடுபனியும். பழத்தின் தோலை உரித்துக் கழுவிய கொட்டையை மலையில் முழுசாகக் காயவைப்பது கஷ்டம். கோயமுத்தூரின் காய்ந்த காற்றில் களத்தில் பரப்பினால் நன்றாகக் காயும். அதோடு, 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரைக்குமான ரயில் பாதை போத்தனூர் வழியாக முழுசாக ஓட ஆரம்பித்துவிட்டது. மலையிலிருந்து வண்டியில் இறக்கி, இங்கே காயவைத்து, உமி நீக்கி, தரம் பிரித்து, ரயிலில் ஏற்றி, மேற்குக் கடற்கரையில் கப்பல் ஏற்றலாம். ஸ்டேன்ஸ் என்ற பெயர் கோயமுத்தூரில் நின்றதற்கு வெயிலும் ரயிலும் காரணம்.

அதே 1862இல் பள்ளிக்கூடம். 1888இல் கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்ஸ், ஊர்வழக்கில் ஸ்டேன்ஸ் மில்லு. இந்த நகரத்தை பஞ்சாலை நகரம் என்று சொல்வதற்கு முதல் கல் வைத்தது அதுதான். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் வரிசையாக மற்ற மில்கள் எழும்பின. ராபர்ட் ஸ்டேன்ஸுக்கு 1920இல் 'சர்' பட்டம் கிடைத்தது. 1936இல், தொண்ணூற்றைந்து வயசில் இறந்தார்.

பின்னாளில் கம்பெனி சென்னையின் அமால்கமேஷன்ஸ் குழுமத்துக்குப் போனது. குடும்பம் கைவிட்டுப் போன பிறகும் பலகையில் பெயர் அப்படியே இருக்கிறது. அதே மில் வாசலில் 1946இல் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் செத்தார்கள். கோயமுத்தூர் தொழிற்சங்கக்காரர்கள் வாயில் 'ஸ்டேன்ஸ்' என்றால் அந்த ஞாபகம்தான் முதலில் வரும். ஆக, பள்ளியில் படித்தவருக்கு ஒரு ஸ்டேன்ஸ், மில்லில் வேலை பார்த்த குடும்பத்துக்கு இன்னொரு ஸ்டேன்ஸ்.

பெயருக்குள் இருக்கிற ஊர்

இங்கிலாந்தில், லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் ஸ்டேன்ஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் லண்டனிலிருந்து சில்செஸ்டர் போகிற சாலை ஆற்றைக் கடந்த இடம் அது. பாலம் இருந்ததால் லத்தீனில் அந்த இடத்துக்குப் 'பாலங்கள்' என்றே பெயர். ரோமானியர் போன பின் வந்த ஆங்கிலோ-சாக்சன் மக்கள் வேறு பெயர் வைத்தார்கள். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டான்' என்றால் கல். இன்றைய 'ஸ்டோன்' என்ற சொல்லின் மூத்த வடிவம். அந்தக் கல்லை வைத்து ஊருக்குப் பெயர் வந்தது. பின்னால் லண்டன் நகராட்சியின் ஆற்று அதிகாரம் எது வரைக்கும் என்று காட்டும் எல்லைக்கல்லும் அங்கேதான் நட்டார்கள். அதற்கு 'லண்டன் கல்' என்று பெயர்.

எழுத்துக்கூட்டைப் பாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கு பெயருக்கு நடுவில் ஒரு 'ஐ' சேர்த்து எழுதுகிறார்கள். நம்ம ஸ்கூல் பெயரில் அந்த 'ஐ' இல்லை. எது சரி? இரண்டும். 1086இல் நார்மன் அரசன் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கில் ஊர்ப்பெயர் 'ஐ' இல்லாமல்தான் இருக்கிறது. அப்போது அந்த ஊர் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் சொத்து. 1215இல் ஜான் அரசன் ஒப்புக்கொண்ட மாக்னா கார்ட்டா முத்திரையிடப்பட்ட ரன்னிமீட் புல்வெளி எங்கே இருக்கிறது என்பதை, விண்ட்சருக்கும் இந்த ஊருக்கும் நடுவில் என்று அந்த ஆவணத்தின் கடைசி வரி சொல்கிறது. அங்கேயும் 'ஐ' கிடையாது. அதாவது அவிநாசி ரோட்டுப் பள்ளிக்கூட பலகையில் இருப்பது மாக்னா கார்ட்டாவில் இருக்கிற அதே எழுத்துக்கூட்டு. ஊர் தன் பெயரை மாற்றிக்கொண்டது. 2012இல் 'தேம்ஸ் மேல் உள்ள ஸ்டேன்ஸ்' என்று இன்னும் நீளமாக்கிக்கொண்டது. வெளியே போன குடும்பம் பழைய உருவத்தையே சுமந்துகொண்டு திரிந்தது.

ஒரு எச்சரிக்கை. குடும்பப் பெயரை மட்டும் வைத்து "இவங்க பூர்வீகம் இந்த ஊர்தான்" என்று முடிவு கட்டக் கூடாது. கல் எல்லா நாட்டிலும் கல்தான். வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பேச்சுவழக்கில் கல்லுக்கு 'ஸ்டேன்' என்பார்கள். ஏதோ ஒரு கல்லுக்குப் பக்கத்தில் வீடு இருந்தவருக்கும் அந்தப் பெயர் ஒட்டியிருக்கலாம். நார்ஸ் மொழியில் 'ஸ்டெய்ன்' என்று ஆள்பெயரே உண்டு. பெயர் திசையைக் காட்டும். பூர்வீகத்தை உறுதி செய்ய சர்ச் பதிவேடு வேண்டும்.

ஊரைவிட்டுப் போனால்தான் ஊர்ப்பெயர்

இதில் எனக்குப் பிடித்த விஷயம் இது. ஸ்டேன்ஸ் ஊருக்குள் இருக்கிற ஒருத்தரை யாரும் 'ஸ்டேன்ஸ்' என்று கூப்பிட மாட்டார்கள். ஊரே அந்த ஊர்தானே, அதில் என்ன அடையாளம்? அவர் லண்டனுக்குப் பிழைக்கப் போன பிறகு, அங்கே நாலு ஜான் இருக்கும்போதுதான் "எந்த ஜான்? அந்த ஸ்டேன்ஸ்காரனா?" என்ற கேள்வி வரும்.

நம்ம பக்கம் அப்படியே இதுதான். அவிநாசிக்குள் யாரையாவது 'அவிநாசிக்காரர்' என்று சொல்வோமா? திருப்பூரிலோ சேலத்திலோ போய்க் கடை போட்டால்தான் அந்தப் பட்டம் கிடைக்கும். அதனால் ஊர்ப்பெயரில் இருக்கிற எந்தக் குடும்பப் பெயரும் ஒரு இடப்பெயர்ச்சியின் அடையாளம். "நான் அங்கே இல்லை, அங்கிருந்து வந்தவன்" என்பதுதான் அதன் உண்மையான அர்த்தம்.

நாலு வழி

இங்கிலாந்தில் 1066க்கு முன்னால் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். நார்மன்கள் வந்த பிறகு நிலம் வைத்திருந்த குடும்பங்கள், அடுத்த தலைமுறைக்குச் சொத்தோடு சேர்த்துப் பெயரையும் கொடுக்க ஆரம்பித்தார்கள். வரிக்கணக்கு எழுதுகிறவனுக்கும் யார் எவர் என்று பிரிக்க வேண்டியிருந்தது. 1400 வாக்கில் சாதாரண ஜனங்களிடமும் பழக்கம் பரவிவிட்டது. 1538இல் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவுப்படி ஒவ்வொரு சர்ச்சிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிய ஆரம்பித்தார்கள். அதோடு பெயர் இறுகிவிட்டது.

அப்படி இறுகிய பெயர்களை நாலு வகையாகப் பிரிப்பார்கள். நாலுக்கும் நம்ம மாநிலத்திலேயே உதாரணம் கிடைக்கிறது.

ஊர் அல்லது இடம்: ஸ்டேன்ஸ் ஒன்று. இன்னொன்று பென்னிகுவிக். முல்லைப் பெரியாறு அணையை 1895இல் கட்டி முடித்த ஜான் பென்னிகுவிக், ராபர்ட் ஸ்டேன்ஸ் பிறந்த அதே 1841இல் பிறந்தவர். அவர் பெயர் ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஊரின் பெயர். பழைய பிரித்தானிய மொழியில் 'குயில் குன்று' என்று பொருள். கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு 'பென்னிகுவிக்' என்று பெயர் வைக்கிறார்கள். ஒரு ஸ்காட்லாந்து மலையின் குயில், தேனி மாவட்டத்து விவசாயி மகனுக்குச் சொந்தப் பெயர் ஆகிவிட்டது. ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகி, குடும்பப் பெயர் ஆள்பெயரான வழி இது.

அப்பா பெயர்: சென்னை சிம்ப்சன் கம்பெனியின் சிம்ப்சன் என்றால் 'சிம்' என்கிற சைமனின் மகன். பாரிமுனையின் தாமஸ் பாரி வேல்ஸ் நாட்டுக்காரர், 1788இல் சென்னைக்கு வந்தவர். வேல்ஸ் மொழியில் 'ஆப்' என்றால் மகன். 'ஆப் ஹாரி', ஹாரியின் மகன், சேர்த்துச் சொல்லிச் சொல்லி 'பாரி' ஆனது. கோயமுத்தூர் கலெக்டராக இருந்து 1819இல் கோத்தகிரி ஏறிய ஜான் சல்லிவனின் பெயர் ஐரிஷ். அதன் முழு வடிவத்துக்கு முன்னால் 'ஓ' என்று ஒரு எழுத்து வரும். அதற்குப் பேரன், வழித்தோன்றல் என்று அர்த்தம். நம்ம 'பேரன்' என்ற சொல்லும் 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான், தாத்தா பெயரைச் சுமப்பவன். ஐரிஷ்காரன் பேரன் என்ற சொல்லைப் பெயராக்கினான். நாம் பெயர் என்ற சொல்லைப் பேரனாக்கினோம்.

தொழில்: ஸ்பென்சர். பெரிய வீட்டுச் சமையல் சாமான் அறையைப் பொறுப்பாகப் பார்த்துப் படியளந்து கொடுப்பவர். கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

பட்டப்பெயர்: 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட். 'ஃபூட்' என்றால் பாதம்தான். என்றோ ஒரு முப்பாட்டனின் காலில் ஊர் கவனிக்கிற மாதிரி ஏதோ இருந்திருக்கிறது. நம்ம ஊர் 'நொண்டியப்பன்', 'கட்டையன்' மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், நம்ம பட்டப்பெயர் ஆளோடு போய்விடும். அவர்களுடையது பதிவேட்டில் ஏறி ஐந்நூறு வருஷம் நின்றுவிட்டது.

நம்மிடம் நாலும் இருந்தது

இப்போது அதே நாலையும் வைத்துக்கொண்டு ஒரு கொங்குப் பெயரைப் பார்ப்போம். டி.எஸ்.அவிநாசிலிங்கம் செட்டியார், 1903இல் திருப்பூரில் பிறந்தவர், சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தவர், கோயமுத்தூரில் இன்று பெண்கள் பல்கலைக்கழகமாக இருக்கும் நிறுவனத்தைத் தொடங்கியவர். டி என்றால் திருப்பூர், ஊர். எஸ் என்றால் சுப்பிரமணியம், அப்பா. அவிநாசிலிங்கம், நம்ம ஊர்ச் சாமி. கடைசியில் சாதிப்பட்டம். இங்கிலீஷ்காரன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பிடித்துக்கொண்டான். நாம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினோம், ஆனால் எதையும் அடுத்த தலைமுறைக்கு நிரந்தரமாகக் கொடுக்கவில்லை. அப்பா பெயர் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும். ஊர் எழுத்து காலப்போக்கில் கழன்றுவிடும்.

நிரந்தரமாக நின்றிருக்கக்கூடியது சாதிப்பட்டம். அதை வேண்டுமென்றே விட்டோம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப்பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கத் தீர்மானம் போட்டார்கள். அதன் பலனாக இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒருத்தர் பெயரைப் பார்த்துச் சாதி சொல்வது கஷ்டம். மற்ற மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே போய் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 2025 அக்டோபரில் அவிநாசி ரோடு மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பெயரை வைத்தபோது நடந்த வாக்குவாதமும் இதன் தொடர்ச்சிதான். கோபால்சாமி துரைசாமி என்றால் ஊரில் பாதிப்பேருக்கு யாரென்று தெரியாது. நாயுடு என்றால் சாதி. குடும்பப் பெயர் இல்லாத சமூகத்தில் பட்டம்தான் அடையாளத்தைச் சுமந்துகொண்டிருந்தது என்பதற்கு அந்த வாக்குவாதமே சாட்சி.

கூட்டம்: வாயில் மட்டும் இருக்கிற குடும்பப் பெயர்

கொங்கில் இன்னொன்றும் உண்டு. காடை, ஆந்தை, தூரன், பயிரன், செங்கண்ணன், பொருளந்தை என்று கூட்டப் பெயர்கள். வேளாளக் கவுண்டர்களிடம் இது அதிகம் பேசப்படுகிறது; வேட்டுவர் முதலான பிற சமூகங்களிலும் கூட்டமோ குலமோ உண்டு. அப்பா வழியாக வரும், தலைமுறைக்குத் தலைமுறை மாறாது, ஒரே கூட்டத்துக்குள் கல்யாணம் கிடையாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் காணியூர், அங்கே குலதெய்வம். குடும்பம் எங்கே போய்ப் பிழைத்தாலும் சாமி கும்பிட அங்கே வரணும்.

இதை உற்றுப் பார்த்தால், குடும்பப் பெயர் என்று இங்கிலீஷ்காரன் சொல்வது இதைத்தான். ஸ்டேன்ஸ் குடும்பத்துக்குத் தேம்ஸ் கரை எப்படியோ, ஒரு கூட்டத்துக்குக் காணியூர் அப்படி. பார்க்கப் போனால் நம்முடையது ஒருபடி மேல். இங்கிலாந்தில் கல்யாணமானால் பெண்ணின் பிறந்த பெயர் மறைந்துவிடும். நம்ம பக்கம் கல்யாணப் பேச்சில் "பொறந்த வூடு எந்தக் கூட்டம்?" என்று அம்மாவையும் சேர்த்தே கேட்பார்கள்.

ஒரே குறை, இது எழுத்தில் இல்லை. ரேஷன் கார்டிலோ பாஸ்போர்ட்டிலோ கூட்டம் ஏறாது. சொல்கிற வாய் இருக்கிற வரைக்கும்தான்.

இப்போது என்ன அவசரம்

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் வர முடியாது என்றது. அப்புறம், அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். இந்த மாதிரி ஒவ்வொரு நெருக்கடியிலும் நம்ம ஆட்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். என் உறவிலேயே இது நடந்தது. அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு, அதன் தாத்தாவின் பெயர் குடும்பப் பெயர். அந்தக் குழந்தைக்குப் பிறக்கப் போகும் குழந்தைக்கும் அதேதான். பழனிச்சாமி, ராமசாமி, சுப்பையன் எல்லாம் இப்படித்தான் டெக்சாஸிலும் மெல்போர்னிலும் நிரந்தரக் குடும்பப் பெயராக உறைந்துகொண்டிருக்கிறது. சைமனின் மகன் சிம்ப்சன் ஆனதுபோல. இங்கிலாந்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால் கடந்து வந்த கட்டத்தில், நம்ம குடும்பங்கள் இந்தத் தலைமுறையில் நிற்கின்றன. எதையும் யோசிக்காமல், ஒரு விண்ணப்பப் படிவத்தின் கட்டம் தீர்மானிக்கிறபடி.

ஸ்டேன்ஸ் குடும்பத்தைத் தேடுகிறவருக்கு வழி திறந்தே இருக்கிறது. சென்னை மாகாண சர்ச்சுகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்களை அந்தக் காலத்திலேயே லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மாகாணத்தின் கல்லறை எழுத்துக்களை ஜே.ஜே.காட்டன் 1905இல் தொகுத்துவிட்டார். போத்தனூர் ரயில்வே காலனியில் வாழ்ந்து, 1947க்குப் பிறகு ஆஸ்திரேலியா போன ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பதிவுகளை வைத்துத்தான் தங்கள் வழியைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் அதே ஸ்டேன்ஸ் மில்லில் மூன்று தலைமுறை நூல் நூற்ற குடும்பத்தின் பேரப்பிள்ளைக்கு எந்தப் பதிவேடு இருக்கிறது?

கொஞ்சம் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பழைய கிரயப் பத்திரம். "கோயமுத்தூர் ஜில்லா, அவிநாசி தாலூகா, இன்ன கிராமம், இன்னார் குமாரர் இன்னார்" என்று ஆரம்பிக்கும். அந்த 'குமாரர்'தான் நம்ம 'ஆப்', நம்ம 'சன்'. ஒரு பத்திரத்தில் இரண்டு தலைமுறை. அதற்கு முந்தைய தாய்ப் பத்திரம் கிடைத்தால் நாலு. நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான் இது பயன்படும் என்பதும் உண்மை.

குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு. குடும்பம் குடும்பமாகப் பெயர், ஊர், செலுத்திய தொகை. இடம் பெயர்ந்து போனவர்கள் எந்த ஊரில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பெரும்பாலும் பூசாரி வீட்டு டிரங்குப் பெட்டியில் கரையான் தின்றுகொண்டிருக்கும். செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம், கேட்டால் கொடுப்பார்கள்.

நிலம் இல்லாதவர்களுக்கும் பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்டர் உண்டு, மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு பி.எஃப் சீட்டு உண்டு. வீட்டில் எண்பது வயசு தாண்டிய ஒரு அம்மாயியோ அப்பச்சியோ இருந்தால் அவர்களிடம் மூன்று கேள்வி போதும்: உங்க அப்பாரு பேரு என்ன, அவரோட ஊர் எது, எதுக்காக அங்கிருந்து கெளம்பி வந்தாங்க? மூன்றாவது கேள்விக்கான பதில் எந்த ரிஜிஸ்டரிலும் இருக்காது. பஞ்சமோ, பங்காளிச் சண்டையோ, மில் வேலையோ, அதை அவர்கள் வாயால் கேட்டால்தான் உண்டு.

வெளிநாட்டில் பிள்ளை பெறப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு முன்னால் ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயரா, ஊர்ப்பெயரா, வேறு எதுவுமா என்பது உங்கள் விருப்பம். நீங்கள் எழுதுவது உங்கள் பேரனின் பேரனுக்கும் போகும். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுப் பிறப்புச் சான்றிதழோடு வைத்துவிடுங்கள்.